நிலையத்தாரும் வயல் பார்த்த குழாயும்

வாயை மூடத் தெரியாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாயை மூடியதற்காகத் தண்டனை கொடுத்த ஒரே ஆளையும் பார்த்திருக்கிறேன். எங்கள் கல்லூரி விடுதியில் அவருக்கு நிலையத்தார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஜர் எடுக்கிற வாத்தியாருக்கு மட்டும் தெரியும்.

கல்லூரி இருந்த நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக்கு மைக் செட்டு ஒன்றைக் கொடுத்தார். ஆண்டு விழாவுக்கு எடுத்துத் துடைத்து, முடிந்ததும் மூடி வைக்க வேண்டிய சாமான் அது. நிலையத்தார் அதைச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் வைத்து, வாசலில் ‘மாணவர் வானொலி நிலையம்’ என்று பலகை மாட்டிவிட்டார். வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அறையிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் மாமரத்தில் கட்டிய ஒரு ஒலிபெருக்கிக் குழாய், அவ்வளவுதான். ஆனாலும் அந்த அறைக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டார்.

ஆள் எடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. குரலைக் கேட்கமாட்டார், ஊரைத்தான் கேட்பார்.

“நீ எந்த ஊருடே?”

“ஆரல்வாய்மொழி.”

“காத்து அடிக்குத ஊருல்லா. வானிலை இலாகா ஒனக்கு.”

அன்று முதல் விடிவதற்கு முன்னால் மொட்டை மாடியில் ஏறி, வேளிமலை உச்சியில் மேகம் இருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்வது என் உத்தியோகமாயிற்று. திற்பரப்புக்காரன் ஒருவன் வந்தான். அருவி இருக்கிற ஊர் என்பதால் நாடகங்களில் மழை, வெள்ளம், கடல் மூன்றும் அவன் பொறுப்பு. பாவம், அண்டாவில் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றியே அந்த வருஷத்தை ஓட்டினான். நெய்யூர்க்காரனுக்கு, ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருந்த காரணத்தால், மருத்துவ ஆலோசனை. அவனுக்குத் தெரிந்த மருந்து வெந்நீர் ஒன்றுதான். தலைவலி, கால் சுளுக்கு, பரீட்சைப் பயம் எல்லாவற்றுக்கும் வெந்நீர் குடிக்கச் சொன்னான். பாதிப் பேருக்குக் குணமும் ஆனது.

நிலையத்தில் ஒரே ஒரு சட்டம். மைக் திறந்திருக்கும்போது ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு மேல் மௌனம் கூடாது. மீறியவன் மறுநாள் சமையல்கட்டில் உட்கார்ந்து விடுதி முழுவதற்கும் உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், உரிக்க வேண்டும்.

“சத்தம் நிண்ணா கேக்குதவன் பயந்துருவாம்லே மக்கா,” என்பார். “ஆளுக்கு என்னமோ ஏதோண்ணு நெனைப்பான்.”

ஒருநாள் மத்தியான நிகழ்ச்சியில் நெய்யூர்க்காரன் பாதி ஆலோசனையில் இருமல் வந்து வெளியே ஓடிவிட்டான். நிலையத்தார் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். கையில் எழுதி வைத்தது எதுவும் இல்லை. அண்ணாந்து பார்த்தார், விட்டத்தில் ஒரு பல்லி. “நேயர்களே, பல்லி இப்போது விட்டத்தின் நடுப்பகுதியை அடைந்திருக்கிறது. எதிரே ஒரு பூச்சி. பல்லி நிற்கிறது. பூச்சி அறியவில்லை,” என்று ஆரம்பித்தார். பக்கத்துக் கூடத்தில் இலைக்கு முன்னால் இருந்தவர்கள் வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் காத்திருந்தார்கள். பூச்சி பறந்து தப்பியது என்று அவர் அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று நான் அசந்துபோய் நின்றேன்.

ஆனால் தினமும் விடியுமுன் ‘வணக்கம், நேயர்களே’ என்று குழாய் அலறினால் எத்தனை பேருக்குப் பிடிக்கும்? முதலில் வார்டன் சார், குழாய் தம் வீட்டைப் பார்க்கக்கூடாது என்றார். மதிலுக்கு அப்பால் வயல் பக்கமாகத் திருப்பிக் கட்டினோம். அதன்பிறகு எங்கள் நிகழ்ச்சிகளை நாங்களே குழாயின் முதுகுப் பக்கமிருந்துதான் கேட்டோம். அப்படியும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒருநாள் நிலையத்தாரைக் கூப்பிட்டுவிட்டார்.

“நாளைக்கு ஒரு நாள் மைக் வாய் திறக்கப்பிடாது. அறையைப் பூட்டிச் சாவியை எங்கிட்ட தா. ஏன் நிறுத்தினீங்கண்ணு சாயங்காலத்துக்குள்ள ஒருத்தனாவது வந்து கேட்டா நீ தொடர்ந்து நடத்து. இல்லேண்ணா சாவியைத் திருப்பித் தரமாட்டேன். உன் கூட்டாளிகள் கேட்டா கணக்கில்லை.”

நாங்கள் நாலு பேரைத் தயார் பண்ணுவோம் என்றோம். நிலையத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. “கேக்கச் சொல்லிக் கேக்குதவன் ஒரு நேயராடே? ஒருத்தங்கிட்டயும் மூச்சு விடப்பிடாது,” என்றுவிட்டார்.

மறுநாள் விடுதி சூரியன் ஏறும்வரை சுகமாகத் தூங்கியது. ஒருவனும் கேட்கவில்லை. ‘இண்ணைக்கு என்னா நிம்மதி’ என்று குளிக்கிற இடத்தில் பேசிக்கொண்டார்கள். நிலையத்தார் பூட்டின அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை.

வெயில் தாழ்ந்தபோது வார்டன் சார் சாவியோடு வந்தார். அவர் பின்னாலேயே, முழங்கால் வரை சேறோடு, களை பறிக்கிற பெண்கள் ஒரு கூட்டமாக வாசலில் நின்றார்கள். முன்னால் நின்ற அம்மாள் கையில் ஒரு தூக்குவாளி.

“சாரே, காலத்தயும் உச்சைக்கும் பேசுத பிள்ளையை இண்ணைக்குக் காணல்லியே. சொகமில்லியா?”

“எந்தப் பிள்ளை?”

“கொழாயில பேசுமே, அந்தப் பிள்ளைதான். உச்சைக்கு அது வணக்கம் சொன்னாத்தான் நாங்க கஞ்சி குடிக்கக் கரையேறுவோம். சத்தமே இல்லேண்ணதும் மனசு கேக்கல்ல. காய்ச்சலா கிடக்கா? சுக்குக் காப்பி கொண்டாந்திருக்கோம்.”

வார்டன் சார் தூக்குவாளியைப் பார்த்தார். நிலையத்தாரைப் பார்த்தார். சாவியை நீட்டினார். “போ, உயிரோட இருக்கேண்ணு நீயே சொல்லு,” என்றார்.

நிலையத்தார் உள்ளே போய் மைக்கைத் திறந்தார். “வணக்கம், நேயர்களே,” என்றார். அவ்வளவுதான். பல்லியை வைத்து ஊரை நிறுத்திய மனுஷனுக்கு அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. குழாய் வயலைப் பார்த்து வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. திற்பரப்புக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் அண்டாவில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினான்.

மறுநாள் உள்ளி உரிக்க அவராகவே சமையல்கட்டில் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருக்கிறதே என்றதற்கு உள்ளிக் காரம் என்றார். கத்தியை அவர் இன்னும் கையில் எடுத்திருக்கவில்லை.

இப்போதும் வீட்டு ரேடியோ நடுவில் நின்றுபோனால், மற்றவர்கள் எழுந்துபோய் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும், எங்கேயோ இருந்து அதில் பேசுகிற அந்த மனுஷனுக்குச் சுகமில்லையோ என்றுதான் முதலில் தோன்றும்.