காஸ்பர் மாஸ்டர் மூன்றாம் சரணம் புக்க படலம்

உப்புக் காற்றை உண்டு வளர்ந்த உரத்த குரலோனே! பகலெல்லாம் முக்கோணத்துக்கும் செவ்வகத்துக்கும் ஊழியம் செய்து, மாலையானால் ஆரோகண அவரோகணத்துக்கு அடிமை பூணும் இருகலை வேந்தே! பதினோரு பாட்டு இயற்றி, பதினொன்றும் திருப்பி அனுப்பப்பட்டும், பன்னிரண்டாவதற்குத் தாள் வாங்கிய தளராத நெஞ்சத்தோனே! சாந்தோம் பங்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாராகிய காஸ்பர் மாஸ்டரே, வாழ்க நீ! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் ஆண்டு, மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும் இடையில் மயிலாப்பூர் கானரஸ மண்டலியின் மேடையில் நீ ஆடிய போரை, குருதி சிந்தவில்லை என்பதைத் தவிர வேறு குறையேதும் இல்லாத அந்தப் பெரும்போரை, இதோ சொல்லப் புகுகிறோம்.

கானரஸ மண்டலி அளவில் சிறியது. மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், தொண்ணூறு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காரும் கூடம். ஆனால் அதன் புகழோ தெற்கே காவிரி வரைக்கும் எட்டியிருந்தது. அங்கே தலைகள் ஆடினால் ஊரே தலையாட்டும். அங்கே ஒரு கொட்டாவி எழுந்தால், பாடிய வித்வானுக்கு அந்த வருஷம் கல்யாணக் கச்சேரிகூடக் கிடைக்காது. அந்தத் தலைகளுக்கெல்லாம் தலையாக, முன்வரிசையில் இடப்பக்கத்து முதல் நாற்காலியில், வைரத்தோடு சுடர்விட வீற்றிருப்பவர் சூடாமணி மாமி. முப்பது வருஷமாக அந்த நாற்காலியை விட்டு அகலாதவர். எந்த வித்வானுக்காகவும் எழுந்து நிற்காதவர். தமக்குப் பின்னால் இன்னும் ஆறு வரிசைகள் இருப்பதைத் திரும்பிப் பார்த்து அறியாதவர்.

கடைசி வரிசையான ஏழாவதில்தான் ஒன்பது வருஷமாக, வாரம் தவறாமல், காஸ்பரும் அவர் மனைவி ஐவியும் வந்து அமர்ந்தார்கள். கோயில் பாட்டுக்குழுவில் முன்னின்று பாடும் ஐவி பெண்கள் பக்கம். ஆனந்தபைரவிக்குக் கண்ணீர் விடும் காஸ்பர் ஆண்கள் பக்கம். ஒவ்வொரு பாட்டிலும் கடைசிச் சரணம் வரும்போது காஸ்பர் மூச்சடக்கிக் காத்திருப்பார். ஏனென்றால் பாட்டை இயற்றியவன் தன் பெயரைப் பதித்து வைக்கும் இடம் அதுதான். முத்திரை என்பார்கள். பாடியவன் செத்தாலும், பாடின கூடம் இடிந்தாலும், பாட்டு உள்ளவரைக்கும் அந்தப் பெயர் வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருக்கும். மண்ணாசை இல்லை, பொன்னாசை இல்லை, நம் வீரனுக்கு இருந்ததெல்லாம் அந்த இரண்டெழுத்து ஆசைதான். புள்ளி வைத்த எழுத்துகளையும் எண்ணினால் நான்கு.

அன்று கச்சேரி வித்வான் வந்து சேரவில்லை. உலகத்தைப் பிடித்த யுத்தம் பெட்ரோலையும் பிடித்துக்கொண்டிருந்த காலம். கார்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, பிரசவ வேதனையில் முனகும் பசுக்களைப் போல ஊர்ந்துகொண்டிருந்தன. எழும்பூரில் வித்வானை ஏற்றிய அத்தகைய கார் ஒன்று ராயப்பேட்டையில் உயிர்விட்டது. அந்தச் செய்தியைச் சைக்கிளில் சுமந்து வந்தவர் மண்டலியின் வாயிற்காவலர் தங்கவேல்.

"சார், கரி அவிஞ்சிபோச்சி! வண்டிய தள்ளிக்கினு கீறாங்கோ!"

செயலாளர் சுவாமிநாதன் கூடத்தைப் பார்த்தார். பக்கவாத்தியக்காரர்கள் தயார். ஜனங்கள் விசிறியால் வெறுமையை வீசிக்கொண்டிருந்தார்கள். சூடாமணி மாமி கைக்கடிகாரத்தைத் திருப்பினார். அந்த ஒரு திருப்பலைக் கண்ட சுவாமிநாதன், பதினொரு பாட்டையும் "ராகம் சரி, சாகித்யம் சரி, சந்தர்ப்பம் இல்லை" என்று எழுதித் திருப்பிய அதே கையால், ஏழாவது வரிசையை நோக்கிச் சைகை செய்தார்.

"ஓய் மாஸ்டர், இப்படி வாரும். வண்டி வர வரைக்கும் உம்ம பாட்டு ஒண்ணைப் பாடும். ஆனா ஒண்ணு. ஹாரன் சத்தம் கேட்டா நிறுத்திடணும். நடு வார்த்தையா இருந்தாலும் சரி."

"கடைசிச் சரணம் மட்டும் முடிக்க விடுவீங்களா, சார்?"

"அது வண்டியைப் பொறுத்தது."

பிறகு கூடத்தை நோக்கிக் கைகூப்பி அறிவித்தார்: "வித்வான் வந்துண்டேயிருக்கார். அதுவரைக்கும் அன்பர் ஒருத்தர் ஒரு பாட்டு பாடி ஒத்தாசை பண்ணுவார்."

அன்பர் ஒருத்தர்! பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சுவாமிநாதன் மறக்கவில்லை, மறைத்தார். கானரஸ மண்டலியின் மேடையில் காஸ்பர் என்று ஒரு பெயர் ஒலித்தால், மறுநாள் எத்தனை வீட்டுக் கூடங்களில் பேச்சு எழும் என்பதை அவர் ஒரு நொடியில் கணித்துவிட்டார். ஆக, அந்தப் பெயர் அந்தக் கூடத்தில் ஒலிக்க ஒரே வழிதான் மிஞ்சியது. பல்லவி, அனுபல்லவி, முதல் சரணம், இரண்டாம் சரணம் என்னும் நான்கு மதில்களையும் தாண்டி, மூன்றாம் சரணம் என்னும் கோட்டைக்குள், கார் வருமுன் புக வேண்டும்.

காஸ்பர் மேடையேறினார். கோட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, மனத்துக்குள் கணக்குப் போட்டார்: பாட்டு பதினோரு நிமிஷம், ராயப்பேட்டையிலிருந்து தள்ளி வரும் வண்டி இருபது நிமிஷம், ஒன்பது நிமிஷம் மிச்சம். வெற்றி உறுதி. எந்த மாபெரும் படையெடுப்பும் இப்படித்தான் தாளில் தொடங்கியிருக்கிறது.

பாட்டு, சாந்தோம் கோயிலில் கடல் பார்த்து நிற்கும் மாதாவைப் பற்றியது. ராகம் ஆனந்தபைரவி. காஸ்பர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்:

*கடல் பார்த்து நின்ற தாயே — எங்கள்*
*கண் பார்த்துப் பேசுவாயே*

விசிறிகள் நின்றன. பத்திரிகை ஒன்று மடிந்தது. தாயே என்ற இடத்தில் அந்த உரத்த குரல் திடீரென்று குழைந்து இறங்கியபோது, யாரோ "ஆஹா" என்றார்கள். கடல் பார்த்து நின்ற தாய் யார் என்று எவரும் கேட்கவில்லை. மயிலாப்பூரில் தாய் என்றால் அவர்களுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான். அந்தக் காலத்தில் அவள் கோயில் கடலோரம் இருந்திருக்கும் என்று அவரவர் தமக்குள் சமாதானம் செய்துகொண்டார்கள்.

அப்போது நிகழ்ந்தது முதல் தாக்குதல். சூடாமணி மாமி கையை உயர்த்தினார்.

"பல்லவியை இன்னொரு தரம்."

ஒன்பது வருஷத்துக் கனவு! எந்த வித்வானும் ஏங்கும் கட்டளை! மகிழ்ச்சியில் காஸ்பரின் நெஞ்சு விம்மியது. விம்மிய நெஞ்சோடு இன்னொரு தரம் பாடினார். பாடி முடித்தபோதுதான், கணக்கில் ஒன்றரை நிமிஷம் கழிந்துபோயிருப்பது உறைத்தது.

அடுத்து பிடில்காரர். வேண்டாவெறுப்பாக வில்லைத் தொட்டவர், இப்போது ராகத்தின் சுவை கண்டுவிட்டார். அனுபல்லவி முடிந்ததும் காஸ்பர் வாய் திறப்பதற்குள், பசித்தவன் இலையில் பாய்வது போல ஆனந்தபைரவிக்குள் பாய்ந்து, வளைந்து, குழைந்து, போன வழியே திரும்பி, மறுபடியும் போனார். கூடம் கைதட்டியது. காஸ்பரும் தட்டினார், வேறென்ன செய்வார்? முதல் சரணத்தின் முடிவில் மிருதங்கக்காரர் தம் பங்குக்கு, தீர்மானம் என்னும் முத்தாய்ப்புச் சொற்கட்டு ஒன்றை வைத்தார். ஒன்று போதவில்லை, மூன்று வைத்தார். பகைவர்கள் எதிரே நின்றால் வீரன் வெல்வான். புகழ்ந்துகொண்டே வழிமறித்தால் என்ன செய்வான்? பாட்டு நன்றாக இருக்க இருக்க, பாட்டுக்காரனின் பெயர் தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் தங்கவேலின் குரல் இடித்தது: "சார்! வண்டி பத்திக்கிச்சி! லஸ்ஸாண்ட வந்துகினு கீது!"

லஸ்ஸிலிருந்து மண்டலிக்கு மூன்று நிமிஷம். காஸ்பரின் நெற்றியில் வியர்வை முத்துகள் அணிவகுத்தன. இரண்டாம் சரணத்தை விட்டுவிட்டு மூன்றாவதற்குத் தாவிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பாட்டை இதற்கு முன் கேட்டவர் அங்கே ஒருவர்தான்.

அந்த ஒருவரைப் பார்த்தார். ஏழாவது வரிசையில் ஐவி, மடிக்கு மேலே இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் சரணம், ஐவி டைபாய்டில் கிடந்த இருபத்தோரு நாளில் எழுதியது. ஜுரம் நூற்று நான்கைத் தொட்ட இரவுகளில், தலைமாட்டில் உட்கார்ந்து, ஈரத்துணி மாற்றிப் போட்டுக்கொண்டே காஸ்பர் சொல் சொல்லாகச் சேர்த்தது. தேறி எழுந்தவுடன் ஐவி முதலில் கேட்டது கஞ்சியல்ல, அந்தச் சரணத்தைத்தான். காஸ்பரின் நெஞ்சில் பெயரும் மனைவியும் எதிரெதிரே படை வகுத்து நின்றார்கள். அந்தப் போர் தாளத்தின் அரைச் சுற்று, அரை ஆவர்த்தனம் நீடித்தது. மனைவி வென்றாள்.

*மூச்சுத் திணறும் இரவில் — உன் முகம் ஒன்றே விடியலாகப்*
*பேச்சற்றுக் கிடந்த பேதை பிழைத்தெழவும் வைத்தாயே*

கூடத்தில் ஓசை அடங்கிவிட்டது. பிடில்காரர்கூட வில்லைத் தாழ்த்தி, குரலுக்கு அடியில் மெல்லிய கோடு போல மட்டும் வந்தார். சூடாமணி மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கை அப்படியே உயர்ந்தது.

"அந்தச் சரணத்தை—"

கானரஸ மண்டலியின் சரித்திரத்தில் எவரும் செய்யத் துணியாததை அப்போது காஸ்பர் செய்தார். மாமியின் உயர்ந்த கையைக் கண்டும் காணாதவராக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, யானைப் படைக்குள் தனிக்குதிரையைச் செலுத்துபவனைப் போல, மூன்றாம் சரணத்துக்குள் பாய்ந்தார்!

*மயிலைக் கடற்கரையில் மணியோசை கேட்டிருந்து—*

ஹாரன் ஒலித்தது. கரிப் புகை கூடத்துக்குள் முன்தூதனாக நுழைந்தது. "வந்துட்டார், வந்துட்டார்" என்று தொண்ணூறு பேரும் எழுந்து வாசலை நோக்கித் திரும்பினார்கள். சுவாமிநாதன் மாலையோடு ஓடினார், ஓடிக்கொண்டே மேடைப் பக்கம் பல்லைக் கடித்து, "ஓய், நிறுத்தும்!" என்றார். மிருதங்கக்காரர் கையெடுத்துவிட்டார். பிடில்காரர் எழுந்துவிட்டார். சுருதிப் பெட்டி மட்டும் பாவம், அதற்கு விஷயம் தெரியாமல் முனகிக்கொண்டிருந்தது. படை ஓடிய களத்தில் தனியனாக நின்ற நம் வீரன், எதிரே தெரிந்த அத்தனை முதுகுகளையும் நோக்கி, மேல் ஷட்ஜத்தில் குரலை நாட்டிப் பாடினார்:

*துயிலை மறந்து காஸ்பர் சொல்லெடுத்த தமிழ் கேட்டு*
*வெயிலை மறைக்கும் நிழலாய் வந்தருள்வாய்!*

ஒலித்தது! ஒலித்தேவிட்டது! உத்தரத்தில் மோதி, தூணைத் தழுவி, மாட்டிய படங்களின் கண்ணாடிகளைத் தொட்டு அந்தப் பெயர் கூடமெங்கும் உலவியது. முகத்தில் கரி அப்பியிருந்த வித்வான் தும்மினார். கைதட்டல் இடியென எழுந்தது, வித்வானுக்கு.

காஸ்பர் கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். முன்வரிசையில், எந்த வித்வானுக்கும் எழுந்திருக்காத சூடாமணி மாமி மட்டும் மேடையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"இப்படி வாங்கோ. ரொம்ப நன்னாருந்தது. ஆனா கடைசியில பாடம் தப்பு."

"தப்பா, மாமி?"

"காஸ்பர்னு பாடறேளே. அது காசிபர். காசிப மஹரிஷி. தூங்காம தபஸ் பண்ணினவர். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவா சரியாச் சொல்லலை."

காஸ்பருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சொன்னார்.

"காஸ்பர் என் பேரு, மாமி. சாந்தோம்ல கணக்கு வாத்தியார்."

"உங்க பேரு இருக்கட்டும். பாட்டு யாரோடது?"

"என்னோடதுதான்."

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சாந்தோம், கடல் பார்த்து நின்ற தாய், மணியோசை என்று ஒவ்வொன்றாக அந்த முகத்தில் இடம் மாறி உட்கார்வது தெரிந்தது. முந்தானை இன்னும் ஈரமாக இருந்தது. அழுத அழுகையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

"என் நாட்டுப்பொண்ணுக்கு இதைப் பாடம் பண்ணி வைக்கணும்," என்றார் கடைசியில். "வியாழக்கிழமை ஆத்துக்கு வாங்கோ. மொத ரெண்டு சரணம் போறும்."

ஏழாவது வரிசையிலிருந்து நெரிசலைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தாள் ஐவி.

"மூணும் சேர்ந்ததுதான் பாட்டு, மாமி. ரெண்டு மட்டும்னா இவர் வர மாட்டார்."

மேடையில் வித்வான் முகம் கழுவிக்கொண்டு வந்து சுருதி பார்க்கத் தொடங்கினார். முப்பது வருஷமாக எவர் நிபந்தனையையும் கேட்டறியாத மாமி, ஐவியை முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, மூணும்தான். நாலு மணிக்கு வந்துடுங்கோ."

ஆகவே, மயிலையின் மதிலேறிய மாவீரனே, முதுகுகளை நோக்கி முழங்கிய முத்திரைச் செல்வனே, மாடவீதியின் வீடொன்றில் உன் பெயர் முதன்முதலாக இன்னொருவர் நாவில் ஏறப்போகும் அந்தப் பொன்னான வியாழக்கிழமையும், கீழ்த்திசையில் கதிர் எழ, கடற்பறவைகள் கட்டியம் கூற, அலைகள் வெண்கவரி வீச, வந்தே விட்டது.

காஸ்பருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், ஐவி போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள்.