மாமியார் அனுப்பிய வெளிச்சம்

விளக்கைப் போட்டால் ரேடியோ பாடாது. ரேடியோ பாட வேண்டுமென்றால் விளக்கை அணைக்க வேண்டும். ஐம்பத்துமூன்றாம் வருடத்துச் செவர்லே காருக்குள் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் ஒவிதியோவின் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது.

"இன்னொரு தடவை போடு மச்சான்," என்றான் பவுதிலியோ, வண்டியின் மூக்குக்குள் தலையை விட்டபடி.

ஒவிதியோ சுவிட்சைத் தட்டினான். காய்ந்த எண்ணெயில் ஈர வாழைக்காயைப் போட்டது போல ரேடியோ பொரிந்தது. அணைத்தான். பழைய பொலேரோ காதல் பாட்டு மறுபடியும் தேனாக வழிந்தது.

"பல்புதான்," என்றான் பவுதிலியோ.

"அது எனக்கே தெரியும்ப்பா. இரைச்சல் போக வழி சொல்லு."

பவுதிலியோ எதிர்வீட்டு மெக்கானிக். தெரியாது என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

ஹவானாவில் கார் வைத்திருக்கிறவன் எவனும் ரேடியோவுக்காக உயிரை விடமாட்டான். ஒவிதியோவுக்கு மட்டும் அப்படி ஒரு நெருக்கடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுற்றுலாக் கம்பெனிக்காரி இலியானா வண்டியைப் பார்க்க வருகிறாள். இருட்டுகிற வேளையில் வெளிநாட்டுக்காரர்களைக் கடற்கரைச் சாலையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டியின் சொந்த ரேடியோவிலேயே பழைய பாட்டு பாட வேண்டும். அது அமைந்துவிட்டால், மரியானோ ரூட்டில் ஆளும் மூட்டையும் உயிர்க்கோழியுமாக அடைத்துக்கொண்டு ஓட்டுகிற பிழைப்புக்குக் கும்பிடு போட்டுவிடலாம். இனி தாங்காது என்று அவன் முதுகு தினமும் முறையிட்டுக்கொண்டிருந்தது.

விளக்கெல்லாம் மாமியார் எர்மெலிந்தாவின் உபயம். மயாமியிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். காரில் எத்தனை விளக்கு உண்டோ அத்தனைக்கும் எல்.இ.டி. பல்பு, இரண்டு சோப்புக்கட்டி, கூடவே மஞ்சள் அங்கி போட்ட கச்சீத்தா மாதா. இந்தத் தீவையே காப்பவள். வந்த அன்றே எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. மாதா டாஷ்போர்டில் ஏறினாள். விளக்குப் போட்டதும் மாதாவின் தலைக்குப் பின்னால் இருக்கும் வட்டமும் ஒளிர வேண்டும் என்பது மனைவி நெரெய்தாவின் உத்தரவு. ஒவிதியோ பயபக்தியோடு வயர் இழுத்துக் கொடுத்திருந்தான்.

"கம்ப்யூட்டர் வயர்ல கழுத்துக்கழலை மாதிரி ஒண்ணு தொங்குமே, அதை உடைச்சா உள்ளே வளையம் இருக்கும்," என்றான் பவுதிலியோ. "பல்புக்குப் போற வயர்ல மாட்டினா இரைச்சலை முழுங்கிடும்."

வளையங்கள் வந்தன, பதிலுக்கு ஒவிதியோ வீட்டு முட்டைகள் போயின. மாட்டி முடித்து, மாதாவின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டு, சுவிட்சைப் போட்டான். பொரிகிற சத்தத்துக்கு மேலே இப்போது ஒரு விசிலும் சேர்ந்திருந்தது.

"முன்னேற்றம்!" என்றான் பவுதிலியோ.

"எதுல?"

"சத்தம் மாறுதில்ல? அப்ப நாம தொடற இடம் சரிதான்னு அர்த்தம்."

அடுத்தது அலுமினியத் தாள். வருடப் பிறப்புக்குப் பன்றித்தொடை சுடுவதற்காக நெரெய்தா ஒளித்து வைத்திருந்ததை ஒவிதியோ எடுத்துக் கொடுத்தான். வயருக்கெல்லாம் தாளைச் சுற்றினார்கள். இரைச்சல் எள்ளளவும் குறையவில்லை. ஆனால் இடப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் ஹாரன் அலறியது.

மறுநாள் மரியானோ போகிற வழியெல்லாம் அலறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் தெருவோர ஆட்கள் திட்டினார்கள்.

"ஏன்யா, உனக்கு வலப்பக்கமே திரும்பத் தெரியாதா?" என்றாள் பின்சீட்டில் மடியில் சேவலோடு இருந்த அம்மாள். "சேவல் பயந்து சாகுது."

"வலப்பக்கமே திரும்பிட்டிருந்தா கடல்லதான் போய் விழணும் அக்கா."

"விழு. அங்கயாவது சத்தம் இருக்காது."

தாளை உரித்தார்கள். பழைய ரஷ்யத் துணிதுவைக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு கண்டென்சரைப் பிடுங்கிக்கொண்டு வந்தான் பவுதிலியோ. அதைப் பொருத்தினதும் ஹாரன் வாயை மூடியது. மழையில்லாத வானத்தைப் பார்த்து வைப்பர் ஆடத் தொடங்கியது. அதை நிறுத்துவதற்குள் ஒரு பகல் போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி யோசனையும் வந்தது. எல்லா எல்.இ.டி. பல்பையும் கழற்றிவிட்டுப் பழைய மஞ்சள் பல்புகளைப் போடுவது. தெருவெல்லாம் கெஞ்சி வாங்கி மாட்டினார்கள். சாகக்கிடக்கிற மெழுகுவத்தி போல எரிந்தன. மாதாவின் வட்டம் ஒன்றுதான் பளிச்சென்று இருந்தது. ரேடியோ முன்னைப் போலவே பொரிந்தது.

ஒவிதியோ நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். கோபம்கூட வரவில்லை, கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே.

நெரெய்தா வெளியே வந்தாள். "ரெண்டு ஆம்பளையும் கிழிச்சது போதும். கேக்கவேண்டியவளை நான் கேட்டுக்கறேன்," என்று டாஷ்போர்டிலிருந்து மாதாவைப் பிடுங்கி வீட்டுக்குள் கொண்டுபோனாள். சூரியகாந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, முழங்காலிட்டு, சாமியிடம் பேசுகிற குரலைவிடக் கொஞ்சம் அதட்டலாகவே பேச ஆரம்பித்தாள்.

பவுதிலியோ சும்மா இருக்கமாட்டாமல் சுவிட்சைத் தட்டினான்.

விளக்கும் எரிந்தது. ரேடியோவும் பாடியது. துளி இரைச்சல்கூட இல்லை.

"நெரெய்தா!" என்று கத்தினான் ஒவிதியோ. "பாடுதுடி!"

நம்பாமல் எல்.இ.டி. பல்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்பது போலிருந்தது. தெருவே கூடிச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டது.

"என் வளையம்தான்," என்றான் பவுதிலியோ. "சில சாமானுக்குச் சூடு பிடிக்க நேரமாகும்."

"உன் வளையத்துல தீயை வை," என்றாள் நெரெய்தா. "முட்டையைத் திருப்பிக் குடு."

செய்நன்றி மறக்கலாமா? மாதாவுக்குப் புதுப் பூ சாத்தி, ஊர்வலமாகக் கொண்டுவந்து டாஷ்போர்டில் அமர்த்தினார்கள். ஒவிதியோ மாமியார் அனுப்பிய சோப்பைப் போட்டே கையைக் கழுவிவிட்டு வந்து, மாதாவின் வட்டத்துக்குப் போகிற வயரைத் தன் கையாலேயே இணைத்தான்.

அப்போதுதான் இலியானா வந்து சேர்ந்தாள். கார்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள், சீட்டைத் தடவினாள். "அழகு. விளக்கைப் போடுங்க ஐயா, பாட்டும் வைங்க."

ஒவிதியோ மாதாவின் பாதத்தைத் தொட்டான். சுவிட்சைப் போட்டான்.

வாழைக்காய் பொரிந்தது.

இலியானா கொஞ்ச நேரம் மரியாதைக்காகக் கேட்டாள். "இது எந்த ஊர்ப் பாட்டு?"

"இப்பதான் மேடம்... கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிகூட..."

நெரெய்தா ஒரு குட்டிக் கப்பில் காபியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள்.

"இந்தக் காபி முடியற வரைக்கும் நிக்கறேன்," என்றாள் இலியானா. "அடுத்த தெருவுல ஒரு பியூக் கார் காத்துக்கிட்டிருக்கு."

பவுதிலியோ வண்டியின் மூக்குக்குள் பாய்ந்தான். ஒவிதியோ ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் முதுகு மறுபடி மரியானோவுக்குத் தயாராகத் தொடங்கியிருந்தது. நெரெய்தா பல்லைக் கடித்துக்கொண்டு மயாமிக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! நீ அனுப்பின பல்பால எங்க பிழைப்பே போகுது! விளக்கைப் போட்டா ரேடியோ கரகரங்குது!"

"பல்பு மேல பழி போடாதடி," என்றது எர்மெலிந்தாவின் குரல். "நல்ல கடையில வாங்கினது. என் கார்லயும் அதே பல்புதான் எரியுது."

"அப்ப உன் ரேடியோ மட்டும் பாடுதாக்கும்?"

"இப்ப ஜோராப் பாடுதே! அந்த மாதாவைக் கழட்டி மாப்பிள்ளைக்குப் பார்சல் பண்ணினேன் பாரு, அன்னையிலேருந்து ஒரு இரைச்சல் கிடையாது."