லூப் லைனில் பூங்குழலி

கல்விக்காக உடலைத் தேய்த்தவர்கள் உண்டு, சொத்தை அழித்தவர்கள் உண்டு. கல்வியைக் கால அட்டவணைக்குள் ஏற்றி, விசிலடித்து, பச்சைக் கொடி காட்டி அனுப்பிய மகான் பூமியில் ஒருவர்தான். அவர் மைசூர் விஜயநகரில் மாடி வீடும் மாருதி காருமாக வாழ்ந்த ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி ஜெயகிருஷ்ணன்.

உத்தியோக காலம் முழுவதும் கண்ட்ரோல் ஆபீஸில் உட்கார்ந்து, ஒரு ரயிலையும் கண்ணால் பார்க்காமல் நூற்றுக்கணக்கான ரயில்களை ஓட்டியவர் அவர். பெரிய தாளில் பென்சிலால் சாய்வாகக் கோடு இழுப்பார். அந்தக் கோடுதான் ரயில். கோடு போகிற வேகத்தில் வண்டி போகவில்லையென்றால், தவறு வண்டியுடையது.

மைசூருக்கு அகலப் பாதை வந்த கையோடு அவர் ஓய்வு பெற்றார். மறுவாரமே வீட்டில் தோசை 'ஏழு நிமிஷம் லேட்' என்று மனைவி பிரதிபாவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்.

"ஏன்னா, பக்கத்து ஸ்கூல்ல செக்ரட்ரி வேணுமாம். தேச சேவை. இன்னிக்கே போயிடுங்கோ" என்றாள் பிரதிபா.

தேசத்துக்காக மனைவிமார்கள் செய்யும் தியாகம் வரலாற்றில் ஏறுவதில்லை.

அது தமிழர்கள் கூடி நடத்திய உயர்நிலைப் பள்ளி. அதாவது, பையன்கள் கன்னடத்தில் சண்டை போட்டு, இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டு, தமிழில் திட்டு வாங்கும் பள்ளி. போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் சிலர் தவறியிருந்தார்கள். இதற்காகக் கூடிய 'அவசர ஆலோசனைக் கூட்ட'த்தில் தலைமையாசிரியை வாலாம்பாள் எழுந்து நின்றாள்.

"ஒரு கணக்கு டீச்சர் வேணும் ஸார். இப்போ டிரில் மாஸ்டர்தான் அல்ஜீப்ரா எடுக்கறார். எக்ஸ் எவ்ளோன்னு கேட்டா, ஓடிப் போய்ப் பாத்துண்டு வாங்கோடாங்கறார்."

"டீச்சரைப் பின்னாடி பாத்துக்கலாம் மேடம். முதல்ல கண்ட்ரோல் ரூம்!" என்றார் புது செக்ரட்ரி ஜெயகிருஷ்ணன்.

'மாணவர் தடம் புரளாமைத் திட்டம்' அந்த நிமிஷத்தில் பிறந்தது. உயிரியல் அறை கண்ட்ரோல் ரூம் ஆயிற்று. அங்கே தொங்கிக்கொண்டிருந்த எலும்புக்கூடு தாழ்வாரத்துக்கு மாற்றலாகிப் போயிற்று. சுவர் நிறைய ஒரு சார்ட். பாடங்கள் எல்லாம் ஸ்டேஷன்கள். மாணவர்கள் மூன்று வகை: எக்ஸ்பிரஸ், பாசஞ்சர், கூட்ஸ்.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கொதித்துப் போய் எழுந்தார். "ஏன் ஸ்வாமி, எம் பையன் கூட்ஸா?"

"உள்ளே சரக்கு இருக்குன்னு அர்த்தம் ஸார்!"

அவர் நெகிழ்ந்து போய் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த எக்ஸ்பிரஸின் அப்பாவுக்குத்தான் முகம் சுண்டிப் போயிற்று.

பத்தாம் வகுப்பு பூங்குழலி ஒரு பாசஞ்சர். கௌதள்ளி கிராமத்துப் பெண், மைசூரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். தேறிவிட்டால் நர்ஸ் பயிற்சியில் சேர அப்பா லிங்கப்பன் சம்மதம் கொடுத்திருந்தார். தேறாவிட்டால் மாமன் மகன் சீனு. தன் பக்கத்து நம்பிக்கையைத் தெரிவிக்கும் விதமாக, அவன் இப்போதே வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்திருந்தான்.

மற்றப் பாடங்களில் அவள் நன்றாகவே ஓடினாள். ஜூலைப் பரீட்சையில் அல்ஜீப்ராவில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கியது. ஜெயகிருஷ்ணன் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"நீ லேட்டும்மா."

"இல்லீங் சார். பெல்லடிக்கறதுக்கு முன்னாலயே வந்துட்டனுங்க."

"பாடத்துல லேட். உன் கோடு பாரு, ஏற வேண்டிய இடத்துல படுத்துண்டிருக்கு."

பூங்குழலி தன் கோட்டைக் கவலையோடு பார்த்தாள். "எழுப்பறதுக்கு என்னங்க பண்ணோணும்?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். இங்கே உக்காரு. எக்ஸ்பிரஸ் எல்லாம் போகட்டும்."

ரயில்வே அறியாத வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் வேகமான வண்டி வந்தால், மெதுவான வண்டியைப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்துவார்கள். அதற்கு லூப் லைன் என்று பெயர். இங்கே லூப் லைன் என்பது கண்ட்ரோல் ரூமில் கிடந்த ஒரு நாற்காலி. பழைய பாடம் முடியாமல் புதுப் பாடத்துக்குப் போக 'லைன் கிளியர்' என்ற அனுமதி கிடையாது.

"பழைய பாடத்த யாருங்க சொல்லித் தருவாங்க?"

இது பிரயாணிகள் கேட்கும் கேள்வி. கண்ட்ரோலர்கள் இதற்குப் பதில் சொல்லும் வழக்கமில்லை.

அல்ஜீப்ராவுக்காக அவள் உட்கார்ந்திருந்தபோது சயன்ஸ் போய்விட்டது. சயன்ஸில் சிவப்பு விழுந்தது. சயன்ஸுக்காக உட்கார்ந்தபோது சரித்திரத்தில் இரண்டு சாம்ராஜ்யங்கள் எழுந்து, விழுந்து, புதைந்தும் விட்டன. லேட்டான வண்டிக்கு வழியில் யார்தான் வழிவிடுவார்கள்? தசரா விடுமுறை வருவதற்குள் எல்லாப் பாடங்களிலும் பூங்குழலி பின்தங்கியிருந்தாள்.

ஜெயகிருஷ்ணனுக்குப் புல்லரித்தது. "பாத்தேளா மேடம்! இந்தப் பொண்ணு பின்தங்குவான்னு ஜூலையிலேயே கண்டுபிடிச்சேன்!"

"நீங்க கண்டுபிடிக்காம இருந்திருந்தா நன்னாப் படிச்சிருப்பா ஸார்" என்றாள் வாலாம்பாள். புதுமையை எதிர்ப்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு.

லூப் லைனில் இருந்தாலும் பூங்குழலி சும்மா இருக்கவில்லை. பென்சில் சீவினாள். செக்ரட்ரியின் டெலிபோனை எடுத்து, "கண்ட்ரோல் பேசறனுங்க" என்றாள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதாக ஊருக்குக் கடிதம் எழுதினாள். அதைப் படித்துவிட்டு அவள் அம்மா நாச்சம்மாள் ஒரு மூட்டை ராகியோடு பஸ் ஏறி வந்து இறங்கினாள்.

"சாமி, நீங்க நல்லா இருக்கோணும்! எம்புள்ளைக்கு ஆபீஸ் உத்தியோகமே போட்டுக் குடுத்துட்டீங்களாமா!"

"அம்மோவ், உத்தியோகமில்ல" என்றாள் பூங்குழலி அழமாட்டாத குறையாக. "கிளாஸுக்கே விட மாட்டீங்கறாங்க!"

"ஃபேன் சுத்துதில்ல அம்மிணி? பொறவென்ன? கிளாஸ்ல சுத்துதா?"

வகுப்பில் ஃபேனே இல்லை.

பொதுத் தேர்வு நெருங்கியபோது வாலாம்பாள் கண்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"பூங்குழலிக்கு அட்டெண்டன்ஸ் பத்தலை ஸார். ஹால் டிக்கெட் வராது."

"தினம் வராளே மேடம்! எனக்கு முன்னாடி வந்து பூட்டைத் திறக்கறதே அவதானே!"

"ஸ்கூலுக்கு வரா. கிளாஸுக்கு எங்கே வந்தா? இப்பவும் ஒரு வழி இருக்கு. போர்டுக்கு எழுதினா மன்னிச்சு விட்டுடுவா. 'இவளைக் கிளாஸுக்குப் போகவிடாம நிறுத்தி வெச்சது நான்தான்'னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போறும்."

நாற்காலியிலிருந்து பூங்குழலி எழுந்தாள். "போட்டுக் குடுங்க சார். மிச்சத்த நான் எப்படியாச்சும் படிச்சுப் பாஸ் பண்ணீர்றனுங்க. எங்க மாமன் மவன் வெளிச் சுவரு முடிச்சுட்டு உள்சுவருக்கு வந்துட்டானாமுங்க!"

ஜெயகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார். இத்தனை வருஷ சர்வீஸில் வண்டிகள் தாமதமானதுண்டு. மாடு குறுக்கே வந்ததாலும், மழை பெய்ததாலும், டிரைவர் டீ குடித்ததாலும். கண்ட்ரோலால் தாமதமானதாக ஒருமுறைகூட ஒரு வரி எழுதப்பட்டதில்லை.

"எஞ்சின் கோளாறுன்னு போடலாமா மேடம்?"

"குழந்தை கல்லு மாதிரி இருக்கா ஸார்!"

பேனா ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது. திடீரென்று அவர் முகம் விடிந்தது. "இவ பரீட்சை எழுதி ஃபெயிலானா நம்ம ரிசல்ட் என்ன ஆகும்? எழுதவே இல்லேன்னா? லேட்டா வர வண்டிதான் மேடம் கணக்குல கெடுதல். ரத்தான வண்டி கணக்குலயே வராது!"

பேனாவை மூடினார். பென்சிலை எடுத்துப் பூங்குழலியின் கோட்டின் குறுக்கே அழகாக இரண்டு கோடுகள் போட்டார். ரயில்வே மரியாதைப்படி, "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்மா" என்றும் சொன்னார். அந்த வருத்தம் மனமார்ந்தது. வாலாம்பாள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனதுதான் சற்று நாகரிகக் குறைவு.

மே மாதம் ரிசல்ட் வந்தது. பள்ளி நூற்றுக்கு நூறு. பாராட்டு விழாவுக்கு மேளம் வந்தது, ஷாமியானா வந்தது, தலைமை தாங்க ஜெயகிருஷ்ணனின் பழைய மேலதிகாரி பரத்வாஜே வந்தார். ஜெயகிருஷ்ணன் கழுத்தில் விழுந்த மாலை அவரது மூக்குக் கண்ணாடி வரை உயர்ந்து நின்றது.

"ரயில்வேக்காரனால முடியாதது உண்டோ?" என்று மைக்கில் முழங்கினார் பரத்வாஜ். "இந்தத் திட்டத்தால பலனடைஞ்ச குழந்தைகள் எல்லாம் மேடைக்கு வாங்கோ, பாக்கலாம்!"

முன்வரிசையில் இருந்த தேறிய மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ட்ரோல் ரூமில் லூப் லைன் நாற்காலி ஒன்றே ஒன்று இருந்ததால் அவர்களில் யாருமே உள்ளே போனதில்லை. வகுப்பிலேயே இருந்து தொலைத்திருந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து பூங்குழலி எழுந்தாள். டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போக அம்மாவோடு வந்திருந்தாள். ஆவணியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். கூப்பிட்டது தன்னைத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நேராக மேடையேறினாள். பரத்வாஜ் அவளுக்குச் சால்வை போர்த்தினார்.

"சபாஷ்! என்னம்மா மார்க் வாங்கினே?"

"நான் பரீட்சையே எழுதலீங்க. எழுத விடலீங்க."

பரத்வாஜ் குழம்பிப் போனார். "அப்போ பாஸ் பண்ணினதெல்லாம் யாரு?"

பூங்குழலி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த ரூமுக்குக் கூப்பிடாத பேரெல்லாம், அத்தனை பேரும் பாஸுங்க!"

அந்தப் பதிலின் பின்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ஜெயகிருஷ்ணன் எழுந்து நின்று முதல் ஆளாகக் கைதட்டினார்.