கணக்குப் பிரிவு கிரிம்ஷா

"உங்க கம்பெனியில சம்பளக் கணக்கு பார்க்கிறவர்கிட்ட கொஞ்சம் போனைக் கொடுக்கறீங்களா?" என்று அந்தப் பெண் குரல் கேட்டபோது, டெஸ்மண்ட் ஓர்மெராட் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டியிருந்தான்.

ஓர்மெராட் ஃப்ளோ லிமிடெட் என்ற அந்தக் கம்பெனி, ஓல்டம் நகரில் மீன் வறுவல் கடைக்கு மேலே, துணி காயப்போடும் அறையில் நடந்துகொண்டிருந்தது. டைரக்டர் டெஸ்மண்ட். பங்குதாரர் டெஸ்மண்ட். ஊழியனும் டெஸ்மண்ட்தான். பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் சாக்கடைக் குழாய்களின் வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். மாசக் கடைசியில் டைரக்டர் சம்பளச் சீட்டைப் போட்டு மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பார். ஊழியன் சுற்றிக்கொண்டு போய் எடுத்துக்கொள்வான். விளையாட்டில்லை, சட்டம் அப்படி.

வீட்டுக் கடன் சங்கத்தின் விண்ணப்பத்தில், 'பிறரிடம் வேலை பார்ப்பவரா, சொந்தத் தொழிலா' என்ற கேள்விக்கு அவன் நேர்மையாகத்தான் யோசித்தான். தனக்குச் சம்பளம் தருவது ஒரு லிமிடெட் கம்பெனி. ஆகவே பிறரிடம் வேலை பார்ப்பவன். அங்கே ஒரு டிக் போட்டான். அந்த டிக்கின் பலன்தான் இப்போது போனில் காத்திருந்தது.

கம்பெனியே நான்தான், டிக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொன்னால் விண்ணப்பத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர்கள் வாங்கப் பார்த்த வீட்டை விற்கும் கிழவர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பாராம். அதற்குமேல் வேறு ஆள் தயார். டெஸ்மண்டின் மனைவி ஹேசலுக்கு அந்த வீடு வேண்டும். தோட்டத்துக்காகக்கூட இல்லை. ஆறு வருஷமாக அவள் தலைமுடி, போர்வை, கோட்டு எல்லாவற்றிலும் மீன் வறுத்த வாசனை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு அவளால் பசி எடுத்தது.

"ஒரு நிமிஷம்மா" என்று போனை மேசையில் வைத்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேன் நின்றது. 'கிரிம்ஷா. எந்த அடைப்பும் எடுக்கப்படும்.' போனை மறுபடி எடுத்து, குரலை அடிவயிற்றுக்கு இறக்கினான்.

"கணக்குப் பிரிவு. கிரிம்ஷா பேசறேன்."

"வணக்கம் சார். கடன் சங்கத்திலேர்ந்து லோர்னா. ஓர்மெராட்னு ஒருத்தர் உங்ககிட்ட வேலை பார்க்கறாரா?"

"பார்க்கறான். நல்ல பையன்."

"சம்பளம் எவ்வளவு சார்?"

சொன்னான்.

"இது வாரத்துக்கா?"

"மாசத்துக்கு."

இவனைப் போன்ற ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் வரிக்குப் பயந்து துளியூண்டு சம்பளம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லாபப் பங்காக எடுப்பார்கள். ஆனால் அதைச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

"இதை வெச்சுக்கிட்டு அவர் எப்படி சார் சாப்பிடறார்?"

"கீழயே மீன் கடை இருக்கும்மா. அதோட, சம்பளம் ஏறப் போகுது. டைரக்டர் ஓர்மெராட் பார்த்துக்கிட்டிருக்கார்."

"டைரக்டரும் ஓர்மெராட்டா? சொந்தமா?"

"நெருங்கின சொந்தம்."

"அப்பாவா?"

"அதைவிட நெருக்கம்மா."

அந்தப் பக்கம் கோப்பையில் கரண்டி மோதும் சத்தம் கேட்டது. யாருக்கோ புரை ஏறியது.

அன்று சாயங்காலம் சமையலறையில் நிர்வாகக் குழு கூடியது. டைரக்டர் ஒரு நாற்காலியிலிருந்து சம்பள உயர்வை அறிவித்தார். எதிர் நாற்காலிக்கு மாறி ஊழியன் நன்றி சொன்னான். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் டைரக்டருக்கு வயிறு எரிந்தது. சொந்தப் பணம் வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்குப் போகும் வழியில் வரித்துறை இரண்டு தடவை கை நீட்டியது, ஊழியனிடம் ஒரு தரம், கம்பெனியிடம் ஒரு தரம்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு லோர்னா கூப்பிட்டாள். கிரிம்ஷாவின் குரலில் புதுச் சம்பளத்தைச் சொன்னான்.

"நேத்து நான் கேட்டேன், இன்னிக்குச் சம்பளம் ஏறிடுச்சா? இது கொஞ்சம் இடிக்குதே சார். டைரக்டர்கிட்டயே பேசிடறேன்."

டைரக்டருக்கு டெஸ்மண்ட் மூக்கால் பேசும் லண்டன் குரல் ஒன்றைக் கொடுத்தான். கொடுத்த குரலுக்குள் முந்தின நாள் எரிச்சலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஓர்மெராட்டா? நாள் பூரா வீட்டுச் செருப்பைத் தேச்சுக்கிட்டுத் திரியறான்மா. கேட்டா சம்பளம் ஏத்தணுமாம். அதுக்கு நான் வரி கட்டணுமாம்!"

"அப்போ அவரை வேலையை விட்டு எடுத்துடுவீங்களா?" லோர்னாவின் குரலில் கவலை இருந்தது.

"ஐயையோ, அவன் தங்கம்மா! அவனைத் தூண்டி விடறதே அந்த கிரிம்ஷாதான். எடுத்தா அவனைத்தான் எடுப்பேன்."

"எடுப்பீங்களா?"

"எடுத்தாச்சு."

போனுக்குள் எங்கேயோ தூரத்தில் "அடப்பாவி" என்று ஒரு ஆண் குரல் கேட்ட மாதிரி இருந்தது. லைன் கோளாறு என்று நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமையும் அதே பதினோரு மணி.

"உங்க கம்பெனியில மொத்தம் எத்தனை பேர் சார் வேலை பார்க்கறாங்க?"

"ரெண்டு பேர்" என்றார் டைரக்டர்.

"அதுல ஒருத்தரை அனுப்பிட்டீங்க. பாதிப் பேரை வெளியேத்தின கம்பெனியை நம்பி நாங்க எப்படிக் கடன் கொடுக்கறது? போகட்டும், கிரிம்ஷா சாருக்குக் குடும்பம் உண்டா?"

இதை எதற்குக் கேட்கிறாள் என்று டெஸ்மண்டுக்குப் புரியவில்லை. கடன் கேட்டவனைப் பற்றி ஒரு கேள்வி என்றால் கிரிம்ஷாவைப் பற்றி நாலு கேள்வி வருகிறது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மூணு பொண்ணுங்க."

ராத்திரிச் சாப்பாட்டில் நடந்ததைக் கேட்ட ஹேசல் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூணு பொண்ணு பெத்தவரையா டெஸ் வீட்டுக்கு அனுப்பின?"

"ஹேசல், அப்படி ஒரு ஆளே கிடையாது."

"அதுக்காக? இவ்வளவு கல் நெஞ்சா உனக்கு?"

இவனுக்கும் அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. உண்மையிலேயே கிரிம்ஷாவை நினைத்துப் பாவமாக இருந்தது. முதல் நாள் தன்னை நல்ல பையன் என்று சொன்ன மனிதர்.

வியாழக்கிழமை லோர்னா ஒரேயடியாகப் போட்டாள்.

"கிரிம்ஷா சார் சொன்னதை வெச்சுத்தான் ஃபைலே ஓடுது. அவரையே வேலையை விட்டு எடுத்துட்டா என்ன அர்த்தம்? நாளைக்குப் பதினோரு மணிக்கு டைரக்டர், ஓர்மெராட், கிரிம்ஷா மூணு பேரும் ஒண்ணா லைனுக்கு வாங்க. அப்புறம் முடிவு சொல்றேன்."

சாயங்காலம் முழுக்க டெஸ்மண்ட் ஒத்திகை பார்த்தான். அடிவயிற்றில் கிரிம்ஷா கெஞ்சினார், மூக்கில் டைரக்டர் திட்டினார், நடுவில் சொந்தக் குரல் சமாதானம் செய்தது. கிரிம்ஷா ஒரு கட்டத்தில் அழுதேவிட்டார். கீழே மீன் வாங்க நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கடைக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

"மேல என்னய்யா மூணு பேர் அடிச்சுக்கறீங்க? அந்தப் பெரியவரை விடுங்கய்யா, பாவம்!"

வெள்ளிக்கிழமை காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்த இரண்டு குரலும் போகும்போது சொந்தக் குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டன.

ஹேசல் அவனுக்குத் தேன் கலந்த வெந்நீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேரா போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடு டெஸ். வீடு போனா போகட்டும். இந்த மீன் நாத்தத்துக்கு நான் பழகிட்டேன்."

பழகவில்லை என்று அவனுக்குத் தெரியும். அவள் அப்படிச் சொன்னதுதான் அவனை அதிகமாக வருத்தியது. மழையில் நனைந்துகொண்டே கடன் சங்கத்துக்கு நடந்தான்.

உள்ளே கவுன்டரில் ஒரு பருத்த மனிதர் வரிசையாக வைத்த கோப்பைகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். மணி பதினொன்றாகச் சில நிமிஷங்கள் இருந்தன.

"பேர் சொல்லுங்க சார்."

"ஓர்மெராட்" என்று காற்றாகச் சொன்னான்.

அந்த மனிதர் கெட்டிலை அப்படியே வைத்தார். "லோர்னா! எல்லாரும் வாங்க! ஓர்மெராட் நேர்லயே வந்துட்டார்!"

உள்ளறைகளிலிருந்து ஆட்கள் கிளம்பி வந்தார்கள். ஒருத்தர் கையில் பிஸ்கட் டப்பா இருந்தது. முன்னால் வந்த சின்ன உருவப் பெண்தான் லோர்னா என்று அவனே யூகித்துக்கொண்டான். அவள் முகம் ஏன் அப்படிச் சிவந்திருந்தது என்று தெரியவில்லை.

"அம்மா" என்று கிசுகிசுத்தான். எல்லோரும் கிட்டே குனிந்தார்கள். "டைரக்டர் நான்தான். ஊழியனும் நான்தான். டிக்கைத் தப்பா போட்டுட்டேன். கிரிம்ஷான்னு யாரும் இல்லை. மன்னிச்சுக்கங்க. கடன் வேண்டாம், நான் போறேன்."

லோர்னா தரையைப் பார்த்தாள். டீ ஊற்றியவர்தான் தாங்கமாட்டாமல் கவுன்டரைச் சுற்றி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கடன் திங்கக்கிழமையே பாஸ் ஆயிடுச்சு சார், அந்த டிக்கை லோர்னா அப்பவே மாத்திட்டா. மத்த நாளெல்லாம் டீ நேரத்துல போனை ஸ்பீக்கர்ல போட்டு நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்தது கிரிம்ஷாவுக்காகத்தான்... அந்த மூணு பொண்ணுங்க முகத்துக்காகவாவது அவரை மறுபடியும் வேலையில சேர்த்துக்கங்க!"