சபாநாயகரும் ஜன்னல் பக்கக் கட்டிலும்

பெங்களூரில் உள்ள அத்தனை பெண்கள் பிஜி விடுதிகளிலும், குளிக்கப் போகும் முன் அரசியல் சட்டத்தைப் படித்துவிட்டுப் போக வேண்டியிருந்த ஒரே பிஜி எங்களுடையதுதான். அந்தச் சட்டத்தை எழுதி, லேமினேட் செய்து, கீசர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியவள் சபாநாயகர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவளுக்கு உண்டு. கூரியர் வந்தால் மட்டும் அது எங்களுக்கு ஞாபகம் வரும்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் மூன்று மாடிக் கட்டடம், இருபத்து மூன்று பெண்கள். இருபத்திரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்கள். பெரும்பாலும் ஐ.டி., இரண்டு பேர் மட்டும் பொம்மசந்திரா தொழிற்சாலைகளில். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துப் பட்டியல் போடுவது என் தொழில். இருபத்து மூன்றாவது ஆள்தான் அவள். திருப்பத்தூர்க்காரி, நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். என் அறையில் ஜன்னல் பக்கக் கட்டிலில் இருந்த அவளுடைய அக்கா கல்யாணமாகிப் போனதும், அந்தக் கட்டில் தங்கைக்கு வந்தது. இரண்டு வருஷமாக அந்தக் கட்டில்மேல் கண் வைத்திருந்தவள் நான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வந்த அன்றே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, நீங்க ரெண்டு வருஷமா இருக்கீங்க இல்ல? அப்ப நீங்க ஆளுங்கட்சி. நான் எதிர்க்கட்சி. சரியா?"

என் போனில் ஒரு பட்டியல் தொடங்கினேன். தலைப்பு: அதிர்ச்சிகள்.

அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பக்கத்து அறைப் பெண்ணும் கேட்டாள். "அரசியல் படிச்சா என்ன, எம்.எல்.ஏ. ஆவியா?"

"நீங்க கம்ப்யூட்டர் படிச்சீங்களே, கம்ப்யூட்டர் ஆயிட்டீங்களா?"

காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் வெந்நீர் வரும். அதற்குள் இருபத்து மூன்று பேரும் குளித்தாக வேண்டும். அவள் வரும்வரை யார் வாளி முந்தியதோ அவர்களுக்குத்தான் வெந்நீர். சபாநாயகர் மாடிகளைத் தொகுதிகளாகப் பிரித்தாள். ஆறே முக்கால் ஆபீஸ் கேப் பிடிக்கிறவர்களுக்கு இட ஒதுக்கீடு, தலைக்குக் குளிப்பவர்களுக்கு முன்கூட்டியே மனு, மூன்றாம் மாடிக்குச் சுழற்சி முறை. நான் அந்த அட்டவணையை ஒரு வாரம் சோதித்தேன். ஒரு பிழை கூடக் கிடைக்கவில்லை. என் தொழில் வாழ்க்கையில் அது பெரிய அவமானம். அதிர்ச்சி நான்கு.

அடுத்தது சாம்பார். எங்கள் சமையற்காரர் பசவம்மா சாம்பாரில் வெல்லம் போடுவார், தாராளமாகவே போடுவார். பசவம்மா மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. சாப்பாட்டு மேசையில் விவாதம். எல்லோரும் பேசி முடித்ததும் சபாநாயகர் எழுந்து, "குற்றம் சாட்டப்பட்டவங்க பதில் சொல்லாம ஓட்டெடுப்பு கிடையாது" என்றாள்.

பசவம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கன்னடத்தில் ஆரம்பித்தார். மாமியார், வெல்லம் விளைகிற ஊர், தன் முழங்கால், எங்கள் யாருக்கும் பருப்பு கழுவத் தெரியாதது என்று முக்கால் மணி நேரம். பாதிப் பேருக்குக் கன்னடம் தெரியாது, ஆனாலும் மூன்று பேர் அழுதார்கள். தீர்மானம் தோற்றது. அன்றிலிருந்து சபாநாயகர் தட்டில் மட்டும் இரண்டு அப்பளம்.

பதினான்காவது அதிர்ச்சியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மின்விசிறியை அவள் ஐந்தில் வைப்பாள், நான் மூன்றில் வைப்பேன். ஒருநாள் மதியம் அறையிலிருந்தே ஆன்லைன் அலுவலகக் கூட்டத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தபோது நான் எழுந்து குறைத்தேன். அவள் கட்டிலைவிட்டு இறங்கி, நிமிர்ந்து நின்று, "எதிர்க்கட்சியின் குரல் நசுக்கப்படுவதைக் கண்டித்து நான் வெளிநடப்பு செய்கிறேன்!" என்று அறிவித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். என் மைக் திறந்திருந்தது.

"யாரு? யாரு ரிசைன் பண்றது?" மேனேஜர் பதறிவிட்டார். எங்கள் குழுவில் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பேர் போயிருந்தார்கள்.

இரண்டு நிமிஷத்தில் கதவு திறந்தது.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

"வெளிநடப்புன்னா வீட்டுக்குப் போறதில்லக்கா. அடுத்த விவாதத்துக்கு உள்ள வந்துடணும். இது கூடத் தெரியாம எப்படி ஆளுங்கட்சியா இருக்கீங்க?"

இப்படியே அவளுடைய இரண்டாம் வருஷம் முடியப்போகும் நேரத்தில் ஆன்ட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார். ஆன்ட்டிதான் பிஜியின் உரிமையாளர். "இனி வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும். மாணவிகள் மாதக் கடைசிக்குள் காலி செய்யவும்." மாணவிகள் என்று பன்மையில் எழுதியிருந்தாலும் இருந்தது ஒருத்திதான். தண்ணி லாரி ஏன் வரவில்லை என்று அவள் அதற்கு முந்தைய வாரம் ஆன்ட்டியிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அவள் சிரிக்காமல் இருந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

"அக்கா இருந்த எடம்னுதான் அப்பா விட்டாரு. இது போச்சுன்னா வீட்டுக்கு வந்து தபால்ல படின்னுட்டாரு. தபால்ல எப்படிக்கா விவாதம் பண்றது?"

மறுநாள் ஆன்ட்டியிடம் போய் வாதாடினாள். அரை மணி நேரத்தில் ஆன்ட்டி தலையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, சாக்கும்மா, போதும்! ஓட்டு வெச்சுக்கோ. இந்த கேர்ள்ஸ் எல்லாம் நீ வேணும்னு சொன்னா இரு. ஆயித்தா, சரியா?"

சபாநாயகர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பிஜியில் முதல் பொதுத் தேர்தல்! தன் படிப்பே அதில் தொங்குகிறது என்பதை அந்தக் கணமே மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். காலி ரஸ்க் டப்பா வாக்குப் பெட்டியானது. துணி காயப்போடும் கொடியில் துப்பட்டா கட்டி மறைப்பு. விரலில் வைக்கும் மைக்குப் பதில் நீல நெயில் பாலிஷ்.

"உன் விஷயத்துக்கு நீயே தலைமையா?" என்று மூன்றாம் மாடி ஆட்சேபித்தது.

"அதனாலதான் நான் ஓட்டுப் போட மாட்டேன். சமமா வந்தா மட்டும் போடுவேன்."

இனி நான் என் விஷயத்துக்கு வர வேண்டும். அன்று காலைதான் மேனேஜர் அந்த வெளிநடப்பை மறுபடி கிண்டல் செய்திருந்தார். பட்டியல் முப்பத்தொன்றில் நின்றது. துப்பட்டாவுக்குப் பின்னால் சீட்டோடு நின்றபோது எனக்கு ஜன்னல் பக்கக் கட்டில் ஞாபகம் வந்தது. எப்படியும் எல்லோரும் ஆதரவாகத்தான் போடப்போகிறார்கள், என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும், சும்மா ஒரு கண்டனமாக இருக்கட்டும். "போகட்டும்" என்பதில் டிக் அடித்தேன்.

எண்ணும் பொறுப்பும் எனக்கே வந்தது. இருக்கட்டும், பதினொன்று. போகட்டும், பதினொன்று. மூன்று தடவை எண்ணினேன்.

"அப்பாடா, இனி உன் ஓட்டுதான்! போடு போடு!" என்று இரண்டாம் மாடி கை தட்டியது.

சபாநாயகர் நாற்காலியிலிருந்து எழுந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"சமமா வந்தா, சபாநாயகர் தன் ஓட்டால புதுசா ஒரு பெரும்பான்மைய உண்டாக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கிற முடிவு அப்படியே நிக்கணும். அதான் மரபு."

"இருக்கிற முடிவுன்னா எது?" என்றேன்.

"ஆன்ட்டியோட நோட்டீஸ்."

சீட்டில் "போகட்டும்" என்று டிக் அடித்து, எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, டப்பாவில் போட்டாள்.

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. பிறகு பசவம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தலெ கெட்டிதியா நினகெ, பைத்தியமா உனக்கு? உன்னையே நீ அனுப்புவியா?"

ஆன்ட்டி ஃப்ரிட்ஜ் பக்கம் போனார். "நானே இருன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்மா. சரி, நோட்டீஸ கிழிச்சிடறேன், விடு."

"ஓட்டுப் போட்டதுக்கப்புறம் ஒருத்தர் இஷ்டத்துக்கு முடிவ மாத்தினா, அப்புறம் எதுக்கு ஆன்ட்டி தேர்தல்?" என்றாள் அவள்.

அடுத்த மூன்று நாளில் மொட்டை மாடியில் ஏழு பேர் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். ஏழு பேரும் சொன்னது ஒன்றுதான். "எல்லாரும் இருன்னுதான் போடுவாங்கன்னு நெனச்சேன்பா. சும்மா ஒரு பயம் காட்டலாம்னு..." நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

நாலாம் நாள் கீசர் பக்கத்தில் நின்று அவளுடைய சட்டத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். பத்தொன்பதாம் விதி: தோற்ற தீர்மானத்தை அதே கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவரக் கூடாது. அறைக்குள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்தொடர் எப்ப முடியும்?"

"முடிச்சாத்தான் முடியும்."

"எப்படி முடிப்பாங்க?"

"நோட்டீஸ் ஒட்டணும். ஏங்க்கா?"

மறுநாள் அலுவலக பிரின்டரில் இரண்டு காகிதம் எடுத்து வந்தேன். ஒன்று: கூட்டத்தொடர் முடிவடைந்தது. இன்னொன்று: புதிய கூட்டத்தொடர் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிஷ இடைவெளி விட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அவள் இரண்டையும் படித்தாள். பேனாவால் ஒரு காற்புள்ளி சேர்த்தாள். "செல்லும்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இந்தத் தடவை கை தூக்கும் முறை. விவாதத்துக்கு உரிய ஆள் தலைமை தாங்க வேண்டாம் என்று மூன்றாம் மாடி பிடிவாதம் பிடித்ததால் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். "இருக்கட்டும்" என்று இருபத்தொரு கைகள் மேலே போயின. பசவம்மா கரண்டியோடு இரண்டு கையையும் தூக்கினார். அது கணக்கில் சேராது. நானும் பழக்கத்தில் கையைத் தூக்கினேன்.

"அக்கா, கைய இறக்குங்க" என்றாள் சபாநாயகர். "நீங்க தலைமை. சமமா வந்தாத்தான் உங்களுக்கு ஓட்டு."

ஆக, அவள் விஷயத்தில் நான் போட்ட ஒரே ஓட்டு அந்த முதல் ஓட்டுதான்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "இங்க பாரு, அன்னைக்கு நான் வந்து..." அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதீங்க! ரகசிய வாக்கு. நீங்க ஆதரவாப் போட்டிருந்தாலும் சொல்லக் கூடாது, போடலைன்னாலும் சொல்லக் கூடாது." பிறகு எழுந்து போய் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைத்தாள். முப்பத்திரண்டாவது அதிர்ச்சி அதுதான். பட்டியலை அதோடு நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் வருஷத்தையும் இங்கிருந்தே முடித்து, மேற்படிப்புக்கு வடக்கே போய்விட்டாள். அவள் பெட்டி இறங்கிய அன்றே ஆன்ட்டி வந்து சொன்னார். "ஜன்னல் கட்டில் கேட்டுட்டே இருந்தியே, எடுத்துக்கோம்மா."

"இல்ல ஆன்ட்டி" என்றேன். "இருக்கிற முடிவு அப்படியே நிக்கட்டும்."