நாலு வரித் தாலாட்டு

நல்ல பாட்டுக் கேட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். சுமாரான பாட்டு என்றால் தாக்குப்பிடிப்பேன்; உயிரை உருக்கும் பாட்டு என்றால் தொலைந்தேன். இசையியலில் சான்றிதழ் வாங்கிய ஒருத்தி இதை வெளியில் சொல்லக் கூடாதுதான். ஆனால் திருவண்ணாமலையில் இது தெரியாதவர்கள் இனி அதிகம் பேர் இல்லை.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளிக்கொண்டிருந்த எனக்கு, நாற்பதைத் தாண்டியதும் இசை படிக்கும் ஆசை வந்தது. இசையியல் சான்றிதழ் படிப்பு, பட்டம் முடித்தவர்கள் வீட்டிலிருந்தபடியே படிக்கலாம் என்று ஒரு விளம்பரம். விண்ணப்பத்தில், "இசை உங்களை என்ன செய்கிறது?" என்று கேட்டிருந்தார்கள். "வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது" என்று எழுதினேன். (பொய்யில்லையே?) அந்த ஒரு வரிக்காகவே எனக்கு இடம் கிடைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

என் கணவர் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"தையல் கிளாஸ் போன. இந்தி போன. யோகா போன. இதையாவது முடிப்பியா?"

"முடிச்சுக் காட்டறேன்" என்றேன்.

அவர் சொன்னது உண்மை என்பதால் சுருக்கென்று தைத்தது. எதையும் பாதியில் விடுகிறவள் என்று எங்கள் வீட்டில் எனக்குப் பெயர். வாழ்க்கையில் ஒன்றையாவது கடைசி வரைக்கும் முடித்து, அவர் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். ராகம், தாளம் எல்லாம் எனக்கு அப்புறம்தான்.

பாடங்களை எப்படியோ ஒப்பேற்றினேன். கடைசியில் கள ஆய்வு வந்தது. சொந்த வட்டாரத்துப் பாட்டு வகை ஒன்றைப் பதிவு செய்து, கட்டுரை எழுதி, வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தெருக்கூத்து இருக்கிறது, பறை இருக்கிறது. இரண்டும் செத்தவனையும் எழுப்பிவிடும். நான் தேர்ந்தெடுத்தது தாலாட்டு. (என் புத்தியை என்னவென்று சொல்ல.)

ஞாயிறுதோறும் கைக்குழந்தை உள்ள வீடுகளாகத் தேடிப் போனேன். எந்த வீட்டிலும் முதலில் சோறு, அப்புறம்தான் பாட்டு. அலுவலகத் தோழியின் நாத்தனார் சுமதி, செங்கம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அவள் போட்ட காராமணிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எழப் பார்த்தேன்.

"இன்னாக்கா, இவ்ளோ கம்மியா சாப்டுறீங்க? இன்னொரு கரண்டி போட்டுக்குங்க. கொழந்த எங்கயும் ஓடிப்போயிடாது."

பிறகு பாயில் உட்கார்ந்து போனில் பதிவு செய்ய ஆரம்பித்தேன். சேலைத் தூளி மெல்ல ஆடியது; சுமதி பாட ஆரம்பித்தாள். முதல் வரியில் வெளியே கொத்திக்கொண்டிருந்த கோழிகளின் சத்தம் தூரமாகப் போனது. இரண்டாவது வரியில் மின்விசிறி ஆறு மாதிரி ஓட ஆரம்பித்தது. மூன்றாவது வரியில், சன்னலில் நீலமாகத் தெரிந்த மலை எழுந்து வந்து அறைக்குள் உட்கார்ந்துகொண்டது. நாலாவது வரியில் எனக்கு வயதும் இல்லை, அலுவலகமும் இல்லை. அவ்வளவு சுகமாக நான் எங்கேயும் இருந்ததில்லை.

கண் விழித்தபோது சுமதி டீயோடு நின்றாள்.

"பாட்டு முடிஞ்சுடுச்சா?"

"அது எப்பவோ முடிஞ்சுதுக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். என்ன ஒரு மலர்ந்த முகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் பதிவைப் போட்டு எழுத உட்கார்ந்தாலும் அதே கதைதான். நாலு வரி எழுதுவேன், தலை மேசையில் இருக்கும். எல்லாப் பாட்டையும் இப்படியே எழுதி முடித்து வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. எல்லாமே நாலு வரி! இதுவரை எந்த அறிஞர் கண்ணிலும் படாத உண்மை! "இவ்வட்டாரத் தாலாட்டுகள் நான்கு வரிகளில் நிறைவடைகின்றன" என்று கட்டுரையில் எழுதினேன். காட்டு வேலைக்கு ஓடும் தாய்மார்களுக்கு நேரம் குறைவு என்று காரணமும் கண்டுபிடித்துப் போட்டு, பதிவுகளோடு அனுப்பிவைத்தேன்.

வாய்மொழித் தேர்வு வீடியோவில் நடந்தது. கணவர் கூடத்தில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். திரையில் வந்த பேராசிரியை சாந்தமாகத்தான் ஆரம்பித்தார்.

"பதிவை எல்லாம் முழுசாக் கேட்டீங்களா?"

"பல தடவை கேட்டேன், மேடம்."

"அப்போ சேர்ந்து ஒரு தடவை கேட்போம்."

சுமதியின் பாட்டை ஓடவிட்டார். நாலு வரி முடிந்தது. அதற்குப் பின்னால் சுருதி கலைந்த தம்பூரா மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. (குறட்டை. என்னுடையது.) அதன் மேல் சுமதியின் குரல் அதே மெட்டில் போய்க்கொண்டே இருந்தது:

"பாட்டெடுக்க வந்த அக்கா – கண்ணே
பாயில சாய்ஞ்சாங்க பாரு
கேட்டவங்க தூங்கியாச்சு – கண்ணே
கெக்கலிச்சு நீ கெடந்தா எப்படி?"

குழந்தை சிரித்தது. சுமதி சிரித்தாள். கூடத்தில் பேப்பர் கிடுகிடுவென்று ஆடியது. பாட்டோ முடிகிற வழியாக இல்லை. நான் சாப்பிட்ட காராமணிக் குழம்பு வரைக்கும் அதில் வந்தது. இந்தப் படிப்பும் பாதியில் போயிற்று என்று நினைத்தேன்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாலாட்டு வேலை செய்யுதுன்னு இதைவிட நல்லா யாரும் நிரூபிக்க முடியாது. ஆனா அந்த நாலு வரிக் கண்டுபிடிப்பை மட்டும் கட்டுரையிலேர்ந்து எடுத்துடுங்க. எல்லாத்தையும் கடைசி வரைக்கும் கேட்டு எழுதிக் குடுங்க. நின்னுக்கிட்டே கேளுங்க."

நின்றுகொண்டே கேட்டேன். நடந்துகொண்டே எழுதினேன். கண் சொருகும்போதெல்லாம் கணவர் என் முகத்தில் தண்ணீர் தெளித்தார். (இவ்வளவு ஆசையாக அவர் எனக்கு எந்த உதவியும் செய்ததில்லை.) சான்றிதழ் வந்தது. மூக்குக்கு நேரே நீட்டினேன். ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, அவரே சட்டம் போட்டு வாங்கி வந்து, படுக்கையறையில் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் அங்கே கூட்டிப்போய், "இதான் இவ படிச்ச காலேஜ்" என்று கட்டிலையும் சேர்த்துக் காட்டுகிறார்.

போன மாதம், வழியிலேயே இருக்கும் சுமதி ஊருக்குப் போகச் செங்கம் பஸ் ஏறினேன். முன்சீட்டில் முன்பின் பார்த்திராத ஒரு பெண், மடியில் குழந்தையைத் தட்டிக்கொண்டே பாடினாள்: "பாட்டெடுக்க வந்த அக்கா, கண்ணே..." உடம்பு சிலிர்த்தது. பாட்டைச் சேகரிக்கப் போன நான் பாட்டுக்குள்ளேயே போய்விட்டேன். அவள் பாடியதில் சுமதி பாடாத வரிகளும் இருந்தன. அந்த அக்கா கடைசியில் எழுந்தாளா என்று தெரிந்துகொள்ள ஆசையாக முன்னால் சாய்ந்தேன்.

கண்டக்டர் தோளைத் தட்டினார். "செங்கம் வந்துடுச்சும்மா, எறங்குங்க."