சிறுத்தையும் சார்ஜ் ஏறாத டேங்கும்

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. அதனால் எல்லா முடிவுகளையும் கூட்டம் போட்டுத்தான் எடுப்பார்கள். கூட்டத்துக்குத் தலைவி பங்கஜவல்லி என்ற கடமான். அவள் பேச ஆரம்பித்தால் நடுவில் யாரும் தும்மக்கூட முடியாது.

அந்தக் காட்டில் தணிகாசலம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். எலெக்ட்ரிக்கல் வேலை தெரிந்தவன். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. சின்ன வயதில் காட்டோரத்து மோட்டார் ரூமுக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தான். எந்த வயரைக் கடித்தால் தூக்கி அடிக்கும், எந்த வயரைக் கடித்தால் சும்மா இருக்கும் என்று கடித்துக் கடித்தே படித்த படிப்பு அது. அந்தப் படிப்பில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தான் போட்ட ஜாயின்ட் விட்டுப்போனதாக இதுவரை யாரும் சொன்னதில்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்வான்.

காட்டுக்கு ஒரே ஒரு பிரச்சினைதான். அதன் பெயர் ரத்தினவேலு. சிறுத்தை. மத்தியான வேளையில் நீர்நிலைக்கு வருவான், தண்ணீர் குடிப்பான், யாரையாவது ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போவான். போனவர்கள் திரும்பியதில்லை. கடைசியாகப் போனது தணிகாசலத்தின் சகலை. சகலையின் முட்கள் மட்டும் ஒரு பாறை மேல் அழகாக அடுக்கிவைக்கப்பட்டுக் கிடந்தன. ரத்தினவேலு எதையும் சுத்தமாகச் செய்கிறவன்.

இந்தச் சமயத்தில்தான் டேங்க் வந்து சேர்ந்தது.

மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வசதியான சில மனிதர்கள் கூடி, ரிமோட்டில் ஓடும் பெரிய பெரிய விளையாட்டு டேங்குகளை ஓட்டிப் பார்ப்பார்கள். விளையாட்டுச் சாமான் என்று பெயர்தானே தவிர, ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி பருமன் இருக்கும். அதில் ஒன்று சிக்னல் விட்டுப்போய், உண்ணிப்புதரைக் கிழித்துக்கொண்டு சரிவில் உருண்டு காட்டுக்குள் விழுந்துவிட்டது. சொந்தக்காரர் சாயங்காலம் வரை தேடினார். பிறகு, டேங்கே இல்லாதவனுக்கு ரிமோட் எதற்கு என்ற கோபத்தில் அதையும் விட்டெறிந்துவிட்டுப் போனார். ரிமோட் கோலப்பன் என்ற குரங்கின் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து அதை அவன் யார் கையிலும் கொடுக்கவில்லை.

கூட்டம் கூடியது.

"இது பீரங்கி வண்டி. இதை ஓடவைத்தால் ரத்தினவேலு கதை முடிந்தது. தணிகாசலம், உன்னால் முடியுமா?" என்றாள் பங்கஜவல்லி.

"முடியுமாவா? தலைவியம்மா, மூடியைத் திறந்து பார்க்காமலே சொல்றேன், உள்ளே எவனோ அரைகுறை வேலை பார்த்திருக்கான்" என்றான் தணிகாசலம்.

குரங்குகள் பீரங்கிக் கோபுரத்தைத் தூக்கி ஓரமாக வைத்தன. அவன் சொன்னது சரிதான். வயிற்றுக்குள் இரண்டு கனமான பேட்டரிகள். ஒன்றின் டெர்மினல் தளர்ந்து களிம்பு பிடித்திருந்தது. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் காதலர்கள் மாதிரி ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தன. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் அட்டைக்குள் வரும் வெள்ளித் தாளைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தணிகாசலத்துக்கு உடம்பில் இருந்த முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். முதல் பேட்டரியின் கறுப்பை இரண்டாம் பேட்டரியின் சிவப்போடு இணைத்தான். மீதி இருந்த இரண்டு முனைகளும் தப்பித்தவறிக்கூட உரசாதபடி டேப் சுற்றினான். யானைகள் சாய்த்துப்போட்ட பழைய காவல் கோபுரத்திலிருந்து சோலார் தகட்டையும் சார்ஜர் பெட்டியையும் ஒரு நல்ல பியூஸையும் கொண்டுவரச் சொன்னான்.

"சார்ஜ் ஏறும்போது இந்தக் கோபுரத்தை மேல வெச்சு மூடக் கூடாது. பேட்டரியிலிருந்து வாயு வரும். மூடிவெச்சா ஒருநாள் டமார்னு போயிடும். அப்புறம் ஓட்டும்போது முதல்ல ரிமோட்டைப் போடணும், அப்புறம்தான் டேங்கைப் போடணும். மாத்திப் போட்டா அது பாட்டுக்குப் பேய் பிடிச்ச மாதிரி ஓடும். கோலப்பா, காதுல விழுதா?"

கோலப்பன் ரிமோட்டின் ஏரியலை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். "விழுது, விழுது" என்றான்.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும் முன்னாலேயே ரத்தினவேலு வந்துவிட்டான்.

குரங்குகள் மரத்துக்குப் பறந்தன. மான்கள் போன திசை தெரியவில்லை. தணிகாசலத்தின் தலை மட்டும் டேங்கின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டது. மீதி உடம்பு முழுவதும் வெளியே நின்றது.

"இது என்னப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தணிகாசலம் தலையை உருவி வெளியே எடுத்தான். ஓட வழியில்லை. உண்மையையே சொன்னான். "டேங்க்ணே."

"எதுக்கு?"

"உங்களைக் கொல்றதுக்கு."

ரத்தினவேலு டேங்கைச் சுற்றி ஒருமுறை நடந்தான். சங்கிலிப் பட்டையை மோந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி ஒரு மரியாதைதான் இருந்தது.

"என்கூடச் சண்டை போடணும்னு இதுவரைக்கும் யாருமே ஏற்பாடு செஞ்சதில்லை. எல்லாரும் ஓடத்தான் ஓடுவாங்க" என்றான். குரல் லேசாகக் கரகரத்தது. "எப்போ வெச்சுக்கலாம்?"

"இன்னும் சார்ஜ் ஏறலைண்ணே. அந்தச் சிவப்பு விளக்கு பச்சையாகணும்."

"அப்போ காத்திருக்கேன். அரைகுறை சார்ஜ்ல இருந்த எதிரியை அடிச்சான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாரு."

சொன்னவன் அங்கேயே முன்னங்கால்களை நீட்டிப் படுத்துவிட்டான். சண்டை முடியும்வரை இந்தக் கரையில் யாரையும் தொடமாட்டேன் என்றான். பசித்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்தான்.

சட்டென்று புரிந்துகொள்கிற காடாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பங்கஜவல்லி, "சீக்கிரம் ஏத்து, சீக்கிரம் ஏத்து" என்று தணிகாசலத்தை விரட்டினாள். அவனுக்கும் தன் வேலை எப்படிப்பட்டது என்று ஊருக்குக் காட்ட ஆசை. சகலையின் முட்களும் கண்ணுக்குள்ளேயே நின்றன. தகட்டை வெயிலுக்கு வாகாகத் திருப்பித் திருப்பி வைத்தான். ஒரு வெயில் நாளில் பச்சை விளக்கு எரிந்தது.

ரத்தினவேலு எழுந்து சோம்பல் முறித்தான். "ஆரம்பிக்கலாமா?"

கோபுரத்தை மாட்டினார்கள். கோலப்பன் ஒரே தாவாகத் தாவி, முதலில் டேங்கின் சுவிட்சைத் தட்டினான். அதற்கப்புறம்தான் ரிமோட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினான்.

"அடப்பாவி!" என்று தணிகாசலம் கத்தினான்.

டேங்க் ஒரு உறுமல் உறுமியது. வயரிங்கில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. இரண்டு மோட்டாருக்கும் முழு பலம் போனது. அந்த முழு பலத்தோடு அது சிறுத்தையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. முயல்கள் சிதறின. பங்கஜவல்லி, "கண்டிக்கிறேன்! வன்மையாகக் கண்டிக்கிறேன்!" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரில் விழுந்தாள். டேங்க் அவளைத் துரத்திக்கொண்டு கரைவரை போனது. ரத்தினவேலு பின்னாலேயே ஓடிப்போய் அதன் பீரங்கிக் குழாயைக் கவ்வி இழுத்துப் பிடித்தான். மோட்டார்கள் முக்கின, முனகின. தணிகாசலம் போட்ட நல்ல பியூஸ், நல்ல பியூஸ் செய்ய வேண்டியதைச் செய்தது. டப்பென்று போய்விட்டது. டேங்க் நின்றது.

ரத்தினவேலு குழாயை விட்டான். "முடிஞ்சுபோச்சா?" என்றான் ஏமாற்றத்தோடு. பிறகு, அவன் பார்வை தண்ணீரிலிருந்து நனைந்தபடி ஏறிக்கொண்டிருந்த பங்கஜவல்லி மேல் திரும்பியது. "சரி. ஜெயிச்சாச்சு. இனிமே இந்தக் கரையிலேயே சாப்பிடலாம்."

அவன் பங்கஜவல்லியை முன்னங்காலால் அமுக்கிக் கழுத்தில் பல்லைப் பதிக்கப்போகும் நேரம். தணிகாசலத்துக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ தெரியவில்லை. சார்ஜர் வயரை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் டேங்கின் பின்பக்கம் செருகினான். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணே! அண்ணே! இங்கே பாருங்க! சார்ஜ் முழுசா ஏறலை! அந்தப் பச்சை பொய்ப் பச்சை!"

ரத்தினவேலுவின் வாய் பாதி திறந்தபடியே நின்றது. விளக்கைப் பார்த்தான். மெதுவாகக் காலை எடுத்தான். ஒரு குழந்தையை மிதித்துவிட்டவன் மாதிரி அவன் முகம் வெளிறிப்போனது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா தணிகாசலம்? என் மானத்தையே வாங்கியிருப்பியே" என்றான். பங்கஜவல்லியிடம், "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பழைய இடத்தில் படுத்துக்கொண்டான்.

அன்றைக்குக் காடு புரிந்துகொண்டது. சிறுத்தைக்குக் கேட்காத தூரத்தில் கூட்டம் போட்டு, டேங்க் ஒருநாளும் முழுதாகச் சார்ஜ் ஆகக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

"என்னால முடியாது. தெரிஞ்சே வேலையைக் கெடுக்கச் சொல்றீங்க. இதுக்கு என்னை அவன்கிட்டயே பிடிச்சுக் கொடுத்துடுங்க" என்றான் தணிகாசலம்.

"அதையும் வாக்கெடுப்புக்கு விடலாம்" என்றாள் பங்கஜவல்லி.

தணிகாசலம் வேலையைக் கெடுக்கச் சம்மதித்தான். ஆனால் அதையும் அவன் ஒழுங்காகத்தான் கெடுத்தான். காவல் கோபுரத்தில் கிடந்த ஒரு சின்ன விசிறியைப் பேட்டரியோடு இணைத்து, கோபுரத்துக்கு அடியில் வைத்தான். வெயில் கொடுப்பதை விசிறி தின்றுவிடும். ஏறுவதும் இறங்குவதும் சரிக்குச் சரி. ரத்தினவேலு கேட்டதற்கு, "வாயு வெளியே போகணுமில்ல அண்ணே" என்றான். ரத்தினவேலு புரிந்ததுபோல் தலையாட்டினான்.

நாளாக ஆக ரத்தினவேலு தானாகவே வேலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டான். காலையில் தகட்டின் தூசியை வாலால் துடைப்பான். மழை வந்தால் வயர்மேல் தன் உடம்பைக் குடையாக வைத்துப் படுப்பான். ஒருமுறை பக்கத்துக் காட்டிலிருந்து செந்நாய்க் கூட்டம் ஒன்று புகுந்து முயல்களைத் துரத்தியது. அந்தச் செந்நாய்களில் ஒன்றுக்கு ஓடுகிற ஓட்டத்தில் சார்ஜர் வயரில் கால் தடுக்கிவிட்டது. விளக்கு அணைந்தது.

"சார்ஜ் ஏறிட்டிருக்கு, கண்ணு தெரியலை?" என்று ரத்தினவேலு எழுந்த எழுச்சியை அந்தக் காடு அதுவரை பார்த்ததில்லை. மிச்சமிருந்த செந்நாய்கள் ஆற்றைத் தாண்டியும் ஓடுவதை நிறுத்தவில்லை. அவன் காதில் பாதி கிழிந்து தொங்கியது. மறுநாள் கூட்டத்தில், செந்நாய்களை விரட்டியடித்த வீர டேங்குக்கு மாலை போட்டார்கள். எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியவன் ரத்தினவேலுதான்.

சில மழைக்காலங்கள் போயின. ஒரு மத்தியானம் தணிகாசலம் டெர்மினலுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. ரத்தினவேலுவின் மீசை நரைத்திருந்தது. எழுந்திருக்கும்போது பின்னங்கால் மடங்கியது.

"தணிகாசலம், உண்மையைச் சொல்லு. இது எப்பவாவது முழுசா ஏறுமா?"

தணிகாசலத்தின் கை நின்றது. விசிறியின் வயர் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உருவினால் போதும், சாயங்காலத்துக்குள் பச்சை எரியும், தன் வேலை சுத்தம் என்று உலகத்துக்குத் தெரிந்துவிடும். சகலையை நினைத்தான். எதிரே இருந்த கிழிந்த காதைப் பார்த்தான்.

"ஏறும்ணே. ஆனா அவசரப்பட்டா பேட்டரி ஆயுசு குறைஞ்சிடும்."

ரத்தினவேலு நெடுநேரம் சிவப்பு விளக்கையே பார்த்தான். பிறகு, பெரிய மூச்சொன்று விட்டுத் தலையைக் கால்கள்மேல் சாய்த்துக்கொண்டான்.

"எனக்கொண்ணும் அவசரமில்லைப்பா. மெதுவாவே ஏறட்டும்" என்றான்.

நீதி: எதிரியின் கண்ணில் படும்படி ஆயுதத்தை நிறுத்திவை, ஆனால் எக்காரணம் கொண்டும் அதற்கு முழுதாகச் சார்ஜ் போட்டுவிடாதே.